சிறு குழந்தைக்கு நீச்சல்: டர்பனில் எந்த வகுப்பு, எந்த வயதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் குடும்பம் குழந்தையைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்துவிட முடியாது. கிழக்கே நகரத்தின் நீளம் முழுவதும் இந்தியப் பெருங்கடல். ஊருக்குள் உம்கேனியும் உம்பிலோவும் ஓடுகின்றன. சனிக்கிழமை ப்ராய்க்கு (வெளியில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் விருந்துக்கு) அழைக்கும் உறவினர் வீட்டில், பெரியவர்கள் அடுப்பைச் சுற்றி நிற்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு நீச்சல் குளம் இருக்கும். ஆகவே நீச்சல் தேவையா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எந்த வயதில், யாரிடம், எந்த மாதிரி வகுப்பில் என்பதில்தான் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் போன்ற, நம்மவர் அதிகம் வாழும் பேட்டைகளின் வீடுகளில் பெற்றோர் திகைக்கிறார்கள். ஒரு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் தொடங்குவது நல்லது என்றும், பெரும்பாலான குடும்பங்களுக்கு, தன் வீட்டிலுள்ள சூடேற்றப்பட்ட குளத்தில் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் ஒருவரிடம் மூன்று நான்கு குழந்தைகள் மட்டுமே உள்ள வகுப்பு ஏற்றது என்றும் நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களையும், அது கட்டுப்படியாகாத அல்லது பொருந்தாத குடும்பங்களுக்கு மற்ற வழிகளில் எது உதவும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் திகைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் வழிவந்தோரில் பலர் டர்பன் துறைமுகத்திலும் கடற்கரையிலும் வலையிழுத்துப் பிழைத்தார்கள். கடலை நன்கு அறிந்த சமூகம் இது. ஆனால் 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் கடற்கரைகளையும் பொதுக் குளங்களையும் நிறவாரியாகப் பிரித்தது. நல்ல கடற்கரையும் நல்ல குளமும் வெள்ளையருக்கு என்றிருந்த அந்தக் காலம், 1989இல் கடற்கரைகள் அனைவருக்கும் திறக்கப்பட்டு, 1990இல் சட்டமே நீக்கப்படும் வரை நீடித்தது. இன்றைய தாத்தா பாட்டிகள் பலருக்கும், பெற்றோரில் சிலருக்கும் முறையான நீச்சல் வகுப்பு என்பது பழக்கமில்லாத பொருளாக இருப்பதற்கு அவர்களுடைய அச்சம் காரணமன்று, வாய்ப்பே மறுக்கப்பட்டிருந்தது. தான் கற்காத ஒன்றைத் தன் குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கும்போது, எது நல்ல வகுப்பு என்று எடைபோட ஓர் அளவுகோல் கையில் இல்லாமல் போகிறது. விளம்பரத்தின் அழகும் குளத்தின் பளபளப்பும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

முதலில் வயதைப் பார்ப்போம். 2021இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகவும், அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நடக்கத் தொடங்கிவிட்டது, ஆபத்து என்னவென்று தெரியாது என்ற இரண்டும் சேர்ந்திருக்கும் பருவம் அது. முன்பு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 4 வயதுக்கு மேல்தான் வகுப்பைப் பரிந்துரைத்தது. 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளிடையே முறையான பயிற்சி பெற்றவர்களுக்கு மூழ்கும் ஆபத்து மிகவும் குறைவாக இருந்ததாக 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்ததையடுத்து, 2010இல் அந்தக் கழகம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஒரு வயதிலிருந்தே தொடங்கலாம் என்று இப்போது சொல்கிறது. ஒரு வயதுக்கு முன் நடத்தப்படும் வகுப்புகள் மூழ்குவதைத் தடுக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை. கைக்குழந்தையைத் தண்ணீரில் வைத்துத் தாயோ தந்தையோ விளையாடுவது நல்ல பழக்கம்தான். அதற்காக ஆறு மாதக் குழந்தையின் பெயரில் பெரிய கட்டணம் கட்ட வேண்டியதில்லை. மறுபுறம், நான்கு வயதைத் தாண்டிவிட்டதே என்று வருந்தவும் தேவையில்லை. அந்த வயதுக் குழந்தை சொன்னதைக் கேட்டு வரிசையில் நிற்கும், மூச்சை அடக்கும், கை கால்களை இணைத்து அசைக்கும். இரண்டு வயதில் தொடங்கிய குழந்தை பல மாதங்களில் எட்டியதை அது சில மாதங்களில் எட்டிவிடுவதும் உண்டு. சீக்கிரம் தொடங்கச் சொல்வது வேகமாகக் கற்பதற்காக அன்று. ஆபத்தான அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தை ஓரளவாவது தயாராக இருக்கட்டும் என்பதற்காக.

எதற்குத் தயாராக வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரிதான். சிறு குழந்தை நீந்தப் போகும்போது மூழ்குவதைவிட, யாரும் எதிர்பாராத நேரத்தில், நீச்சல் உடை இல்லாமல், குளத்தில் தவறி விழுவதே பெரும்பான்மை. அப்படி விழும் குழந்தை கத்துவதில்லை. வாய் தண்ணீருக்குள் இருக்கையில் குரல் வராது. உடல் நிமிர்ந்தவாறே அமிழும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடலாம். அந்த ஒரு நிமிடத்தில் குழந்தைக்கு வேண்டியவை மூச்சை அடக்குவது, எந்தப் பக்கம் மேல் என்று உணர்ந்து திரும்புவது, முகம் வெளியே இருக்கும்படி மிதப்பது, கரையை நோக்கிச் சிறிது தூரம் நகர்ந்து விளிம்பைப் பிடிப்பது. தென்னாப்பிரிக்காவின் தேசியக் கடல் மீட்புக் கழகம் நடத்தும் உயிர்காப்பு நீச்சல் திட்டமும் மூச்சடக்கம், திசை உணர்தல், மிதத்தல், ஐந்து மீட்டர் நகர்தல் என்ற நான்கையே அடிப்படையாக வைத்திருக்கிறது. அழகாகக் கை வீசி நீந்துவது பின்னால் வரலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்தாறு வயதில்தான் அது கைகூடும். எனவே மூன்று வயதுக் குழந்தையை எந்த வகுப்பில் சேர்த்தாலும், "எப்போது கை வீசி நீந்துவான்" என்று கேட்பதற்குப் பதிலாக, "தவறி விழுந்தால் திரும்பி வந்து சுவரைப் பிடிக்க எப்போது பழகுவான்" என்று கேளுங்கள். பயிற்றுநர் சொல்லும் பதிலிலேயே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

டர்பனில் கிடைக்கும் வழிகளில் முதலாவது, கூரையிட்ட சூடான குளத்தில் தாயும் குழந்தையும் சேர்ந்து இறங்கும் தனியார் வகுப்பு. இதன் பலம் வெதுவெதுப்பு. சிறு குழந்தையின் உடல் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அவர்களுக்குத் தண்ணீர் 30 முதல் 32 டிகிரி வரை இருப்பது நல்லது. குளிராத குழந்தைதான் கற்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கும், தண்ணீரைக் கண்டாலே மிரளும் குழந்தைக்கும் இது நல்ல தொடக்கம். நீச்சல் தெரியாத தாய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குழந்தையைப் பிடிக்கப் பழகுவது இன்னொரு நன்மை. அவருடைய சொந்த அச்சமும் மெல்லக் குறையும். ஆனால் பல இடங்களில் வகுப்பு பாட்டும் பொம்மையுமாகவே ஓடிவிடுகிறது. கட்டணம் அதிகம், பெரும்பாலும் உம்லாங்கா, வெஸ்ட்வில் பக்கம் போக வேண்டியிருக்கும், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வார நாள் காலை பத்து மணி வகுப்பு எட்டாக்கனி. இரண்டரை வயதுக்கு மேல் இதிலேயே தொடர்வதால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, நான் முதலிடம் கொடுக்கும் வழி: தன் வீட்டுக் குளத்திலேயே கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர். இந்த ஊரின் எல்லாப் பேட்டைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். புழக்கடையில் சிறிய குளம், மேலே ஒரு நிழல்வலை, சுவரோரம் ஈரத் துண்டுகள் தொங்கும் கம்பி, அவ்வளவுதான் வசதி. ஆனால் ஒரே பயிற்றுநர், ஒரே குளம், அதே நாலு முகங்கள் என்ற நிலையில் குழந்தை சீக்கிரம் பழகுகிறது. இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வகுப்பில் ஆறு குழந்தைகள் முறைவைத்துச் செய்தால் ஒரு குழந்தைக்குப் பயிற்றுநரின் கை கிடைப்பது ஐந்து நிமிடம். மீதி நேரம் படியில் உட்கார்ந்து நடுங்குவதுதான். மூன்று பேர் என்றால் பத்து நிமிடம். இரண்டு வகுப்புகளின் மாதக் கட்டணத்தை ஒப்பிடும்போது இந்த நிமிடங்களையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். குறைந்த கட்டணம் எனத் தெரிவது பல சமயம் அதிகக் கட்டணமாக மாறிவிடும்.

நல்ல வீட்டுப் பயிற்றுநரை எப்படி அறிவது? சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுவதையும் கரையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம். நான் பார்த்த ஒரு வகுப்பில், நாலு வயதுச் சிறுமி ஒருத்தி படியை விட்டு இறங்க மறுத்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பயிற்றுநரான அம்மையார் அவளை அழைக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. அவள் முழங்காலுக்கு அருகே தாடை வரை தண்ணீரில் அமர்ந்து, ஒரு பிளாஸ்டிக் வளையத்தை இரண்டாம் படியில் போட்டுவிட்டு, மற்றக் குழந்தைகளைச் சுவரோரம் கையால் பிடித்து நகரச் செய்தார். சிறுமி வளையத்தை எடுக்கக் குனிந்தாள், முகம் தண்ணீரில் பட்டது, துடைத்துக்கொண்டாள். அடுத்த முறை வளையம் மூன்றாம் படியில் விழுந்தது. வகுப்பு முடியுமுன் அவள் வாயால் குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று குழந்தைகளையும் அந்த அம்மையார் ஒரு நொடிகூடப் பார்வையிலிருந்து விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முதலில் தலைகளை எண்ணினார். நீங்கள் தேட வேண்டியது இந்தக் கண்ணையும் இந்தப் பொறுமையையும்தான்.

கேட்டுப் பெற வேண்டிய தாள்களும் உண்டு. தென்னாப்பிரிக்க நீச்சல் சங்கம் ஏற்கும் கற்பித்தல் பயிற்சி, காலாவதியாகாத முதலுதவி மற்றும் இதய உயிர்ப்பூட்டல் (சி.பி.ஆர்.) சான்று ஆகிய இரண்டும் இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் பதியப்படுகின்றன. அதில் தம் பெயர் இல்லை என்ற சான்றைப் பயிற்றுநரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தெரிந்தவர், கோயிலில் பார்ப்பவர், ஆன்டிக்கு வேண்டியவர் என்பதற்காக நம்மவர் இதைக் கேட்கக் கூசுகிறார்கள். நல்ல பயிற்றுநர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுவார். வகுப்பில்லாத நேரத்தில் அந்தக் குளம் மூடி போட்டோ வேலியடைத்தோ இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கண்ணை உறுத்தும் குளோரின் நெடி சுத்தத்தின் அடையாளமன்று. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் நெடி அது. தெளிந்த தண்ணீரில் அடித்தளத்து வடிகால் மூடி கரையிலிருந்தே தெரிய வேண்டும்.

மூன்றாவது வழி நகராட்சிக் குளங்கள். கட்டணம் மிகக் குறைவு, உயிர்காப்பாளர் இருப்பார், ஆழமில்லாத பகுதி தனியாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் திறந்தவெளிக் குளங்கள் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சிறு குழந்தைக்குத் தாங்காத குளிர். பழுதுபார்ப்புக்காக மூடப்படும் காலங்களும் உண்டு என்பதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆறு வயதுக்கு மேற்பட்ட, தண்ணீருக்கு ஏற்கெனவே பழகிய குழந்தைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டு வயதுக் குழந்தைக்கு மாட்டேன். நான்காவது, பள்ளியிலேயே நடக்கும் வகுப்பு: உங்கள் குழந்தையின் பள்ளியில் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். குளமில்லாத பள்ளிகளுக்காகக் கடல் மீட்புக் கழகம் கப்பல் கொள்கலன்களையே சிறு குளங்களாக மாற்றி வைத்துவருவது மிகவும் போற்றத்தக்க முயற்சி. அத்தகைய திட்டம் உங்கள் பகுதிக்கு வர வாய்ப்பிருந்தால் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் பெற்றோர் அதைக் கட்டாயம் எடுத்துப் பேச வேண்டும்.

ஐந்தாவது வழியைப் பற்றித்தான் பெற்றோரிடையே அதிக வாதம் நடக்கிறது. வாரத்தில் நான்கைந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம், பயிற்றுநரும் குழந்தையும் மட்டும் இருக்க, சில வாரங்களில் தற்காப்பு மிதப்பைப் பழக்கிவிடும் தீவிரப் பயிற்சி இது. ஒன்றரை வயதுக் குழந்தை முழு உடையோடு தண்ணீரில் விடப்பட்டுத் தானே மல்லாந்து மிதக்கும் காணொளிகளைப் பார்த்துப் பலர் இதைத் தேடிப் போகிறார்கள். வீட்டிலேயே குளம் இருந்து, வேலி போட உடனடியாக வழியில்லாத வாடகைக் குடும்பத்துக்கு இதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் சில எச்சரிக்கைகள் உண்டு. அழுகையைப் பொருட்படுத்தாமல் தொடரும் முறையைத் தாங்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள், தாங்காமல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் வெறுப்பவர்களும் இருக்கிறார்கள். மீண்டும் மீண்டும் அமிழ்த்தப்படும் மிகச் சிறு குழந்தை அதிகத் தண்ணீரை விழுங்கி, இரத்தத்தில் உப்புச் சத்து ஆபத்தான அளவுக்குக் குறைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கற்ற திறன் பயிற்சியில்லாமல் மங்கிவிடும் என்பதால் செலவும் அத்தோடு முடிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மிதக்கும் குழந்தையைப் பார்த்த பெற்றோர் கண்காணிப்பைத் தளர்த்திவிடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய கவலை. வேறு வழி இருக்கும் குடும்பத்துக்கு இதை நான் முதலாவதாகச் சொல்ல மாட்டேன்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கடல் பக்கத்தில் இருக்கும்போது காசு கொடுத்துக் குளத்துக்குப் போவானேன்" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். டர்பன் கடற்கரையில் 1952 முதல் சுறா வலைகள் உண்டு, உயிர்காப்பாளர்கள் உண்டு, சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் குளித்தால் அவர்கள் கண்ணில் இருப்போம். ஆனால் அலையும் உள்ளிழுக்கும் நீரோட்டமும் உள்ள இடத்தில் சிறு குழந்தைக்கு மிதப்பைக் கற்றுக்கொடுக்க இயலாது. பெருமழைக்குப் பின் ஆற்று வழியே கழிவு கடலில் கலக்கும் ஆபத்தும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் மாசினால் கடற்கரைகள் மூடப்பட்டதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். சால்ட் ராக்கிலும், பல்லிட்டோவின் தாம்சன் விரிகுடாவிலும் உள்ள, பாறையோரம் கடல்நீரைத் தேக்கிவைக்கும் குளங்கள், வகுப்பில் கற்றதைப் பெற்றோரோடு விளையாட்டாகப் பழக ஏற்றவை. அதுவும் கடல்மட்டம் வற்றியிருக்கும் நேரத்தில், கைக்கெட்டும் தூரத்தில். உம்கேனி கடலில் கலக்கும் ப்ளூ லகூனில் கிரியைக்காகவும் மாலைப் பொழுதுக்காகவும் நம்மவர் கூடுவது வழக்கம். அமைதியாகத் தோன்றும் அந்த முகத்துவாரத்தில் இழுப்பு வலுவானது, அங்கே குழந்தையின் கையை விடவே கூடாது.

எந்த வகுப்பைத் தேர்ந்தாலும் அது வேலிக்கு மாற்றாகாது. வீட்டுக் குளத்துக்கு நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயரத்தில், தானே சாத்திக்கொள்ளும் கதவோடு வேலி வேண்டும். உறவினர் வீட்டில் விருந்து நடக்கும்போது எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கால் மணி நேரம் நீங்கள், அடுத்த கால் மணி நேரம் மச்சான் என்று ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும், அவர் கையில் கைப்பேசியோ குடிப்பதற்கான கோப்பையோ இருக்கக் கூடாது. காற்றடைத்த கைமிதவைகளை நம்ப வேண்டாம். அவை கழன்றுவிடும், கழலாவிட்டாலும் குழந்தையை நிமிர்ந்த நிலையில் தொங்கவைத்து, மூழ்கும் தோரணையையே பழக்கிவிடும்.

தொடங்குவதற்கான ஆயத்தம் சிறியது. வகுப்பு நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம், வைத்திருந்தால் அலசிவிட்டு அழைத்துச் செல்லுங்கள். குளத்து வடிகட்டியில் எண்ணெய் படிவதைப் பயிற்றுநர்கள் விரும்புவதில்லை. உடையில் வெளிர் நீலமும் வெள்ளையும் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தெரியும். பெண் குழந்தையின் நீச்சல் உடையைப் பற்றி ஆயா முகம் சுளித்தால், கையும் தொடையும் மூடும் வெயில் தடுப்பு உடை எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது, டர்பன் வெயிலுக்கும் அதுவே நல்லது. காதில் குழாய் வைத்த குழந்தை, தோல் கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கவும். வலிப்பு வரும் குழந்தைக்கு குழு வகுப்பு கூடாது. பயிற்றுநர் அந்த ஒருவரை மட்டுமே கவனிக்கும் தனி வகுப்பு வேண்டும்.

முதல் சில வகுப்புகளில் குழந்தை அழும். பயிற்றுநரிடம் ஒப்படைத்துவிட்டுக் கரையில் முகமலர்ச்சியோடு உட்காரக் கூடியவர் யாரோ, அம்மாவோ, அப்பாவோ, தாத்தாவோ, அவர் அழைத்துச் செல்லட்டும்; "பயமா இருக்கா கண்ணு?" என்று நொடிக்கொரு முறை கேட்பவர் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் நல்லது. வாரம் இரண்டு முறை என்பது ஒரு முறையைவிட மிகவும் பயன் தரும், ஏனெனில் ஏழு நாள் இடைவெளியில் சிறு குழந்தை பாதியை மறந்துவிடுகிறது. இதே காரணத்தால் குளிர்காலத்தில் நிறுத்திவிடுவதும் நட்டமே. குளம் சூடேற்றப்பட்டதா என்று முதலிலேயே கேட்கச் சொல்வது அதற்காகத்தான். மின்வெட்டு நாளில் சூடு நிற்கிறதா, நின்றால் அந்த வகுப்பை ஈடு செய்வாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெயில் ஏறத் தொடங்கும் செப்டம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் இடம் தேடுவார்கள். ஜூலை விடுமுறையிலேயே இரண்டு மூன்று இடங்களைப் பார்த்து முடிவு செய்தவர்களுக்கு, தாங்கள் விரும்பிய பயிற்றுநரும் பள்ளி விட்ட பின் கிடைக்கும் மாலை நேரமும் அமைந்துவிடும்.